வகுப்பறைப் படியும் நூலாசிரியர் உரிமையும்

2012ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் டெல்லி உயர்நீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தொடுக்கப்பெற்றது. வழக்குத் தொடுத்தோர் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகங்களும் டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் நிறுவனமும் ஆவர். எதிர்த்தரப்பில் இருந்தோர் இருவர். ஒன்று, டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் கல்லூரி வளாகத்தில் 'ராமேஸ்வரி' என்னும் பெயரில் இயங்கிய ஒளிநகல் கடை. மற்றொன்று, அக்கடைக்கு இடமளித்த பல்கலைக்கழகமே. ஆசிரியர்கள் குறித்துக் கொடுத்த நூல்களிலிருந்து வேண்டிய இயல்களை நகலெடுத்து, ஒன்றாகக் கட்டி, பாடத்தொகுப்பு என்ற பெயரில் அக்கடை மாணவர்களுக்கு விற்று வந்தது. பல்கலைக்கழகத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி பக்கம் ஒன்றுக்கு 40 பைசா விலை. பதிப்பகங்கள் கோரிய இழப்பீடோ 60 இலட்சம் ரூபாய்.

ஏறத்தாழ ஐந்தாண்டுகள் நடந்த அவ்வழக்கின் முடிவு, இந்நாட்டில் பாடம் சொல்லிக் கொடுக்கும் ஒவ்வொருவரையும் பற்றியது. எனினும் ஆசிரியர்களில் பலர் அதனை அறியார். ஒரு கட்டுரையின் நான்கு பக்கங்களை நகலெடுத்து மாணவர் கையில் கொடுக்கவும் அஞ்சுவோர் ஒரு சாரார். கடையில் எளிதாய்க் கிடைக்கும் நூலையே அட்டை முதல் அட்டை வரை நகலெடுத்து, 'கல்விக்காகத்தானே' என்று அமைதி கொள்வோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் சட்டத்தின் சொற்களைப் பார்த்தவர்களாகத் தோன்றவில்லை. அச்சொற்கள் எவை, எந்தப் பூசல்களின் வழியே அவை நம்மிடம் வந்து சேர்ந்தன என்பதையே ஈண்டு ஆராய விழைகின்றோம்.

முதற்கண் ஒரு சொல்விளக்கம். நம் இதழ்கள் பலவும் இவ்வுரிமையைக் 'காப்புரிமை' என்றே எழுதி வருகின்றன. காப்புரிமை என்பது புதிதாய்க் கண்டுபிடிக்கப்பட்ட பொருளுக்கும் செய்முறைக்கும் உரியது. நூலுக்கும் பாட்டுக்கும் ஓவியத்துக்கும் உரியது பதிப்புரிமை. இவற்றுக்கான சட்டங்களும் வேறு, காலவரையறைகளும் வேறு. பெயரில் நேரும் குழப்பம் பொருளிலும் வந்து சேர்கின்றது.

கல்வியின் பெயரால் பிறந்த சட்டம்

நூலாசிரியரின் பதிப்புரிமைக்கென இயற்றப்பெற்ற முதற் சட்டம் இங்கிலாந்தில் ஆன் அரசியின் காலத்தில், 1710இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இலண்டன் நூல்வணிகர் குழுமத்தார், தாம் ஒருமுறை பதிந்துகொண்ட நூலைத் தலைமுறை தலைமுறையாகத் தம் உடைமையெனக் கொண்டாடி வந்தனர். புதிய சட்டம் நூலாசிரியரை உரிமையாளராக்கியது. அதே வேளையில் அவ்வுரிமைக்குக் காலவரையறையும் இட்டது. புதிய நூலுக்கு 14 ஆண்டுகள். ஆசிரியர் உயிரோடிருப்பின் மேலும் 14 ஆண்டுகள். பதிப்பிக்கப்படும் நூலின் ஒன்பது படிகள் பல்கலைக்கழக நூலகங்கள் முதலியவற்றுக்குச் சேரவேண்டும் என்பதும் அதன் விதிகளுள் ஒன்று.

அச்சட்டத்தின் தலைப்பு, அது கல்வியை ஊக்குவிக்கும் சட்டம் என்றே கூறிற்று. இதனை வாசகர்கள் கருத்திற் கொள்ள வேண்டும். கற்போர் பயன்பெற வேண்டும் என்னும் நோக்கத்துக்காகவே ஆசிரியருக்குச் சில காலம் தனியுரிமை அளிக்கப்பட்டது. உரிமை முதலில் முழுமையாக இருந்தது, பின்னர் கல்விக்காக அதிலிருந்து சிறிது கிள்ளிக் கொடுக்கப்பட்டது என்று பதிப்பாளர்கள் பேசுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

மௌலவீ ஸகாவுல்லாஹ்வும் மாக்மில்லனும்

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில், 1847இல் இந்தியாவுக்கெனப் பதிப்புரிமைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. ஆசிரியரின் வாழ்நாளும் அதன்பின் ஏழாண்டுகளும் உரிமை நிலைக்கும் என அது வகுத்தது. பத்தாண்டு கழித்து, 1857இல், கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்றிடங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அவற்றோடு நுழைவுத் தேர்வும் வந்தது. தேர்வோடு குறித்த பாடநூல்களும் வந்தன. ஒரு நூல் பாடமாக வைக்கப்பட்டால் அதனை ஆயிரக்கணக்கான மாணவர்கள் வாங்கியே தீர வேண்டும். இலண்டன் மாக்மில்லன் நிறுவனத்துக்கு இந்தியப் பள்ளிக்கூடம் பெரியதொரு சந்தையாயிற்று. இந்நாட்டின் தொடக்ககாலப் பதிப்புரிமை வழக்குகளை எடுத்துப் பார்ப்போர், அந்நிறுவனத்தின் பெயரை மீண்டும் மீண்டும் காண்பதற்குக் காரணம் இதுவே.

அவ்வழக்குகளுள் ஒன்று நம் வாசகர்களுக்குச் சிறப்பாக அறிமுகப்படுத்தத் தக்கது. டெல்லி மௌலவீ ஸகாவுல்லாஹ் (1832–1910) பழைய டெல்லிக் கல்லூரியில் பயின்று அங்கேயே கணிதம் கற்பித்தவர். 'ஷம்சுல் உலமா' பட்டம் பெற்றவர். மேலை நாட்டு அறிவியலை உருது மொழியிலேயே கற்பித்தல் வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்கென அவர் எழுதியும் மொழிபெயர்த்தும் தந்த நூல்கள் மிகப் பல. தன் ஆங்கில நூல்களை உருதுவில் பெயர்த்தமைக்காக மாக்மில்லன் நிறுவனம் அவர்மீது வழக்குத் தொடுத்தது. 1895இல் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது: அந்நாளில் நடப்பிலிருந்த சட்டப்படி மொழிபெயர்ப்பு என்பது நகலெடுத்தல் ஆகாது, எனவே உரிமை மீறப்படவில்லை.

ஸகாவுல்லாஹ் வென்றார். ஆனால் அவ்வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. மொழிபெயர்ப்பு உரிமையும் தமக்கே வேண்டும் என்ற முயற்சியில் பதிப்பாளர்கள் ஓயவில்லை. 1911இல் பிரிட்டிஷ் பேரரசு முழுமைக்கும் வந்த சட்டம், மொழிபெயர்க்கும் உரிமையையும் ஆசிரியருக்கே ஆக்கியது. அதனை இந்தியாவில் நடைமுறைப்படுத்திய 1914ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு தளர்வைச் செய்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் முதன்முதலாக வெளியான நூலுக்கு மொழிபெயர்ப்பு உரிமை பத்தாண்டுகளுக்கே உண்டு. அதற்குள் உரிமையாளர் எம்மொழியில் பெயர்ப்பு வெளியிட அனுமதித்தாரோ அம்மொழியில் மட்டும் உரிமை தொடரும். பல மொழிகள் வழங்கும் நாட்டில் அறிவு ஒரு மொழிக்குள்ளேயே அடைபட்டுவிடலாகாது என்ற கவலையை அவ்விதியில் காண்கின்றோம்.

1911ஆம் ஆண்டுச் சட்டத்தில் பள்ளிக்கூடம் பற்றி ஒரு விதி வெளிப்படையாகவே இடம்பெற்றது. பள்ளிகளின் பயனுக்கெனத் தொகுக்கப்படும் நூலில், பிறருடைய நூல்களிலிருந்து சிறு பகுதிகளைச் சேர்க்கலாம். ஆனால் அத்தொகுப்பின் பெரும்பகுதி பதிப்புரிமை அற்றதாயிருத்தல் வேண்டும். ஐந்தாண்டுக் காலத்துள் ஒரே பதிப்பாளர் ஓர் ஆசிரியரிடமிருந்து இரண்டு பகுதிகளுக்கு மேல் எடுக்கலாகாது. எடுத்த இடத்தையும் சொல்ல வேண்டும். இவ்விதி ஏறத்தாழ அதே வடிவில் இன்றும் நம் சட்டத்தில் உள்ளது. பள்ளிகளுக்கெனச் செய்யுள், உரைநடைத் தொகுப்பு வெளியிடுவோர் இதனை அறிந்திருத்தல் நலம்.

1923இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில் தீர்த்த மற்றொரு வழக்கையும் குறிப்பிடாமல் கடக்க இயலாது. இதிலும் வழக்குத் தொடுத்தவர் மாக்மில்லனே. எதிர்த்தவர் பம்பாய் கூப்பர் நிறுவனத்தார். புளூட்டார்க் எழுதிய அலெக்சாந்தர் வரலாற்றின் பழைய ஆங்கிலப் பெயர்ப்பைப் பம்பாய்ப் பல்கலைக்கழகம் மெட்ரிகுலேஷன் பாடமாக வைத்திருந்தது. தாமஸ் நார்த் என்பார் 1579இல் வெளியிட்ட பெயர்ப்பு அது. மாக்மில்லன் அதனைச் சுருக்கி, குறிப்புகள் சேர்த்து மாணவர் பதிப்பாக வெளியிட்டது. கூப்பர் நிறுவனத்தாரும் அவ்வாறே ஒன்றை வெளியிட்டனர். மூலத்திலிருந்து சில பகுதிகளை விட்டுவிட்டு ஏனையவற்றைச் சேர்த்துத் தந்தமை மட்டும் புதிய பதிப்புரிமையைத் தந்துவிடாது என்று பிரிவிக் கவுன்சில் கூறிற்று. ஆனால் மாக்மில்லன் பதிப்பின் குறிப்புகளில் ஓர் அறிஞரின் புலமையும் உழைப்பும் உள்ளன; அவை அவருக்கே உரியன; அவற்றை எடுத்தாண்டது தவறு என்றும் தீர்த்தது. மூலம் வேறு, அதன்மேல் செய்யப்பட்ட உழைப்பு வேறு என்ற இப்பாகுபாட்டை நினைவில் வைத்திருப்போம். அரபுக் கல்லூரிகளுக்கு இது மிகவும் வேண்டப்படுவது.

1957: ஆசிரியரும் மாணவரும்

சுதந்திர இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் நிறைவேறி, 1958 சனவரி 21 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் 52ஆம் பிரிவு, எச்செயல்கள் உரிமை மீறல் ஆகமாட்டா என்று வரிசைப்படுத்துகின்றது. தனிப்பட்ட படிப்புக்கும் ஆய்வுக்கும் திறனாய்வுக்கும் உரிய 'நியாயமான கையாளல்' அவ்வரிசையில் ஒன்று. அதனின் வேறாக, தனியே நிற்கும் ஒரு கூறு, ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின்போது ஒரு படைப்பைப் படியெடுத்தல் மீறலாகாது என்கிறது. வினாத்தாளில் வினாவாக எடுத்தாள்வதும், விடையில் எழுதுவதும் அவ்வாறே. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் இது 52ஆம் பிரிவின் முதல் உட்பிரிவில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்தால் குறிக்கப்படும் கூறாக உள்ளது.

இக்கூற்றில் பக்கக் கணக்கு இல்லை, விழுக்காடு இல்லை, சொல் எண்ணிக்கை இல்லை. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி என்ற பாகுபாடும் இல்லை. 'ஆசிரியர்', 'மாணவர்', 'கற்பித்தலின்போது' என்ற மூன்று சொற்களின் மேல் அது நிற்கின்றது.

அவ்வாறாயின், 'பத்து விழுக்காடு வரை நகலெடுக்கலாம்' என்று நம் ஆசிரியர் அறைகளில் உலவும் விதி எங்கிருந்து வந்தது? அது அமெரிக்கச் சரக்கு. அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுச் சட்டம், வகுப்பறைக்கெனப் பல படிகள் எடுப்பதையும் 'நியாயமான பயன்பாடு' என்பதற்குரிய எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகச் சொன்னது. எண் எதையும் சொல்லவில்லை. அச்சட்டம் உருவான காலத்தில் பதிப்பாளர், நூலாசிரியர் சங்கங்களும் சில கல்வி அமைப்புகளும் கூடிப் பேசி ஒரு வழிகாட்டி வகுத்தன. கவிதையாயின் 250 சொற்கள். முழுக்கட்டுரையாயின் 2,500 சொற்களுக்குள். நீண்ட உரைநடையாயின் 1,000 சொற்கள் அல்லது பத்து விழுக்காடு, இவற்றுள் எது குறைவோ அது. ஒரு பருவத்தில் ஒரு பாடத்துக்கு ஒன்பது முறைக்கு மேற்படாமை என்றவாறு அது சென்றது. அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் அன்றே அதனை ஏற்க மறுத்துவிட்டது. எனினும், 1991இல் நியூயார்க் நீதிமன்றம் கிங்கோஸ் என்னும் நகலகத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்து 5,10,000 டாலர் இழப்பீடு விதித்த பின்னர், அந்நாட்டுக் கல்லூரிகள் பலவும் அச்சத்தால் அவ்வெண்களையே சட்டமாகக் கொண்டன. நம் நாட்டார் அவற்றை எடுத்துக்கொண்டதற்கு அந்த அச்சமும் இல்லை, அறியாமையே காரணம்.

ஸ்டாக்ஹோமில் கேட்டதும் பாரிஸில் கிடைத்ததும்

நாடுகளுக்கிடையே நூலுரிமையைக் காக்கும் பெர்ன் உடன்படிக்கை 1886இல் உருவானது. கல்விக்கென வெளியிடும் நூல்களில் பிறர் பகுதிகளை எடுத்தாளும் உரிமையை அந்தந்த நாட்டின் சட்டத்துக்கே அது தொடக்கத்திலேயே விட்டுவைத்தது. இந்தியா 1928 முதல் அதில் உறுப்பு நாடு. விடுதலைக்குப் பின்னரோ, நூலின் விலை என்பது புதிதாய் விடுதலை பெற்ற நாடுகள் அனைத்துக்கும் பொதுவான இடராயிற்று. மருத்துவம், பொறியியல், அறிவியல் அனைத்துக்கும் நூல் இலண்டனிலிருந்தும் நியூயார்க்கிலிருந்தும் வர வேண்டியிருந்தது.

1967இல் ஸ்டாக்ஹோமில் கூடிய மாநாட்டில், வளரும் நாடுகளுக்கென ஒரு தனி இணைப்பு ஏற்கப்பட்டது. கற்பித்தல், படிப்பு, ஆய்வு ஆகியவற்றுக்காக நூலுரிமையின் காப்பைச் சுருக்கிக்கொள்ள அது இடமளித்தது. அதனைப் பெறுவதில் இந்தியா முன்னின்றது. பிரிட்டிஷ் பதிப்பாளர்கள் இதனைக் கொள்ளை என்றே கருதினர் போலும். எதிர்ப்பு அத்துணைக் கடுமையாயிருந்தது. அவ்விணைப்பு நடைமுறைக்கு வரவேயில்லை. நான்காண்டு கழித்து, 1971இல் பாரிஸில் ஒரு சமரசம் எட்டப்பட்டது. நூல் வெளியாகிக் குறித்த ஆண்டுகள் கழிந்தும் நியாயமான விலையில் கிடைக்காவிடில், அரசின் அனுமதி பெற்று ஊதியம் கொடுத்து மறுபதிப்புச் செய்யலாம் என்பது அதன் சாரம். அறிவியல் நூலுக்கு மூன்றாண்டு, இலக்கியத்துக்கு ஏழாண்டு, ஏனையவற்றுக்கு ஐந்தாண்டு. இந்தியா 1983இல் தன் சட்டத்தைத் திருத்தி இதனை ஏற்றுக்கொண்டது. ஆனால் அனுமதிக்கு விண்ணப்பித்துக் காத்திருந்து நூல் அச்சிடும் வழி, ஒரு பருவத்துக்குள் பாடம் முடிக்க வேண்டிய ஆசிரியருக்கு எவ்வகையில் பயன்படும்? மாநாடுகளில் பெற்றது சிறிதாகவே இருக்க, 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் அந்தச் சிறு கூறே வகுப்பறைக்கு உண்மையான துணையாய் நின்றது.

டெல்லித் தீர்ப்பு

இப்பின்னணியில் டெல்லி வழக்கை நோக்குவோம். 2012 அக்டோபரில் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மாணவர்கள் தாமே ஒரு சங்கம் அமைத்து வழக்கில் சேர்ந்தனர். ஆசிரியர்களும் அறிஞர்களும் மற்றோர் அமைப்பின் வழியே சேர்ந்தனர். இங்கு நேர்ந்தது ஒரு வியப்பு. யாருடைய உரிமை பறிபோவதாகப் பதிப்பகங்கள் முறையிட்டனவோ அந்நூலாசிரியர்களுள் 33 பேர், வழக்கைத் திரும்பப் பெறுமாறு கோரிய மடலில் கையொப்பமிட்டனர். பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென்னும் இவ்வாறே வேண்டினார். பல்கலைக்கழக ஆசிரியருக்கு நூலால் வரும் வருவாய் சிறிது. தம் எழுத்து மாணவரைச் சென்றடைவதே அவருக்குப் பெரிது.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளுபடி செய்தார். பதிப்புரிமை என்பது இயற்கையாகவோ இறைவனாலோ அமைந்த உரிமையன்று, சட்டம் கொடுத்தது, கொடுத்த சட்டமே அதன் எல்லையையும் வகுக்கும் என்பது அவர் வாதத்தின் அடிப்படை. மாணவர் நூலகத்தில் அமர்ந்து அதே பக்கங்களைக் கையால் எழுதிக்கொண்டால் அது குற்றமன்று. அதனையே இயந்திரம் செய்தால் மட்டும் எவ்வாறு குற்றமாகும் என்றும் அவர் வினவினார்.

பதிப்பகங்கள் மேல்முறையீடு செய்தன. 2016 டிசம்பர் 9 அன்று நீதிபதிகள் பிரதீப் நந்த்ரஜோக், யோகேஷ் கன்னா ஆகியோர் அளித்த தீர்ப்பு சற்று நுட்பமானது. 'கற்பித்தலின்போது' என்பது வகுப்பறையில் ஆசிரியர் நின்று பேசும் அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் குறிக்காது. பாடத்திட்டம் வகுப்பது முதல் தேர்வு முடிவது வரையுள்ள முழுக்காலத்தையும் குறிக்கும் என்றனர். ஆசிரியரே நகல் இயந்திரத்தை இயக்க வேண்டும் என்பதில்லை. அவருக்காக மற்றொருவர் கூலி பெற்றுச் செய்யலாம் என்றனர். அமெரிக்கச் சட்டத்தின் அளவுகோல்கள் இங்குப் பொருந்தா என்பதையும் எடுத்துரைத்தனர். எவ்வளவு நகலெடுக்கலாம்? கற்பித்தலின் நோக்கம் எவ்வளவை வேண்டுகின்றதோ அவ்வளவு. நோக்கமே அளவுகோல்.

இவ்வளவுகோல் இருபுறமும் வெட்டும் என்பதே நம் கருத்து. ஐம்பது பக்க இயல் ஒன்று பாடத்துக்கு இன்றியமையாததாயின் ஐம்பது பக்கமும் எடுக்கலாம். பாடத்துக்குத் தொடர்பில்லாத ஐந்து பக்கத்தை எடுப்பதற்கோ இக்கூறு துணை வாராது. இதனை உணர்ந்தே நீதிபதிகள் இரு வினாக்களை விசாரணைக்கு அனுப்பினர்: அப்பாடத்தொகுப்புகளில் சேர்க்கப்பட்டவை யாவும் கற்பித்தலுக்குத் தேவையானவையா? முழு நூலையும் நகலெடுப்பது ஆகுமா? விசாரணை நடக்கவில்லை. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. நகலுரிமை அமைப்பு ஒன்று உச்சநீதிமன்றம் சென்றது. அதன் மனு அவ்வாண்டு மே மாதத்தில் தள்ளுபடியாயிற்று. ஆகவே, 'முழுப் புத்தகமும் எடுக்கலாம் என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது' எனக் கூறுவோர், நீதிமன்றம் சொல்லாததைச் சொல்கின்றனர்.

நம் மரபும் இவ்வினாவும்

கையால் எழுதிக்கொள்ளும் மாணவரை நீதிபதி எடுத்துக்காட்டியபோது, அவர் நம் மத்ரஸாக்களின் பழைய உலகத்தையே அறியாமல் தொட்டார் எனலாம். அச்சுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளில் இஸ்லாமியக் கல்வியில் படியெடுத்தல் என்பது படிப்பின் உறுப்பு. உஸ்தாத் ஓத மாணவர் எழுதுவார், எழுதியதை உஸ்தாதிடம் திரும்ப ஓதிச் சரிபார்ப்பார், இஜாஸா பெறுவார். ஆசிரியர் கொடுத்த அனுமதி, நூலைப் பிழையின்றி அறிவிப்பதற்கான அனுமதி. அதில் விலைக்கு இடமில்லை.

ஹிஜ்ரி 733இல் (கி.பி. 1333) மறைந்த காழீ பத்ருத்தீன் இப்னு ஜமாஆ (ரஹ்) அவர்கள் ஆசிரியர், மாணவர் ஒழுக்கங்களைப் பற்றி எழுதிய 'தத்கிரத்துஸ் ஸாமிஇ வல் முத்தகல்லிம்' என்னும் நூலில், கிதாபுகளைக் கையாளும் முறைக்கென்றே ஒரு பகுதி உண்டு. இரவல் பெற்ற கிதாபிலிருந்து அதன் உரிமையாளரின் அனுமதியின்றிப் படியெடுக்கலாகாது என்கிறார். பயன்பெறுவோர் அனைவருக்குமென வக்ஃபு செய்யப்பட்ட கிதாபாயின், பேணுதலோடு படியெடுப்பதில் தவறில்லை என்கிறார். இங்கே அனுமதி கேட்கப்படுவது யாரிடம் என்பதைக் கவனித்தல் வேண்டும். கையிலிருக்கும் அந்த ஏட்டுக்கு உரியவரிடமே அனுமதி, எழுதியவரிடம் அன்று. வாங்க வசதியுள்ளவர் படியெடுப்பதில் காலத்தைப் போக்க வேண்டாம் என்ற அறிவுரையும் அதே இடத்தில் உள்ளது. இன்றைய மாணவர்க்கும் இது பொருந்தும்.

எழுதியவருக்கு உரிமையே இல்லையா எனின், உண்டு. அது பெயருக்குரிய உரிமை. தம் நூலை எடுத்தாண்டு தம் பெயரை மறைத்த ஒருவரைக் கண்டித்து இமாம் ஸுயூத்தீ (ரஹ்) அவர்கள் எழுதிய சிறுநூலின் தலைப்பே, நூலாசிரியரையும் திருடரையும் வேறுபடுத்துவது பற்றியது. படியெடுத்தவர் மீது அவர்களுக்குச் சினமில்லை. பெயரை மாற்றியவர் மீதே சினம்.

அச்சு வந்தபின் நிலை மாறிற்று. நூலாசிரியர் உரிமையை விற்கலாமா என்ற வினா ஃபிக்ஹு அறிஞர்கள் முன் வந்தது. கையில் பற்றிக் காட்ட இயலாத வெற்று உரிமை 'மால்' ஆகாது என்பது முந்தைய ஹனஃபீ அறிஞர்களின் நிலை. பயனையும் பொருளாகக் கொள்ளும் ஷாஃபிஈ மத்ஹபில் இதற்கு வழி எளிது. மௌலானா அஷ்ரஃப் அலீ தானவீ (ரஹ்) தம் நூல்களின் பதிப்புரிமையைத் தமக்கென ஒதுக்கிக்கொள்ளவில்லை. 'பிஹிஷ்தீ ஸேவர்' பல அச்சகங்களில் அச்சாகிப் பரவியது. முஃப்தீ முஹம்மது ஷஃபீ (ரஹ்) அவ்வுரிமையை விற்பதை ஏற்கவில்லை. அவருடைய மகனார் முஃப்தீ தகீ உஸ்மானீ இக்கால வழக்கத்தை ஆதாரமாகக் கொண்டு ஏற்றார். தந்தையும் மைந்தரும் மாறுபட்ட மஸ்அலாக்களுள் இதுவும் ஒன்று. 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, நூலாக்க உரிமை உள்ளிட்டவை இக்கால வழக்கத்தில் பொருள்மதிப்புப் பெற்றுவிட்ட உரிமைகள். அவை ஷரீஅத்தின்படி மதிக்கப்பட வேண்டியவை. அவற்றில் அத்துமீறல் கூடாது எனத் தீர்மானித்தது.

அத்தீர்மானத்தைச் சுட்டி, வகுப்பறைக்கு நான்கு பக்கம் நகலெடுப்பதும் ஹராம் என்று கூறுவோரை நாம் கேட்டிருக்கின்றோம். அவர்கள் கருத்தோடு நாம் உடன்படவில்லை. தீர்மானம் அவ்வுரிமையை 'உர்ஃப்' என்னும் வழக்கத்தின்மீது நிறுத்தியுள்ளது. வழக்கமும் சட்டமும் அவ்வுரிமையைத் தோன்றும்போதே ஓர் எல்லையோடுதான் தந்தன. 1710இன் தலைப்பு முதல் 1957இன் கூறு வரை அதற்குச் சான்று. உரிமையை உர்ஃபால் ஏற்றுக்கொண்டு, அதே உர்ஃப் விட்டுவைத்த கற்பித்தலின் பங்கை மறுப்பது முறையாகாது. அதேபோல், 'இல்மில் விலையேது' என்று கூறி, தமிழில் ஒரு மௌலவீ பல்லாண்டு உழைத்து மொழிபெயர்த்துக் கடன்பட்டு அச்சிட்ட நூலை ஒரு வகுப்பே முழுமையாக நகலெடுப்பதும் முறையாகாது. பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு ஊதியம் உண்டு. இம்மொழிபெயர்ப்பாளருக்கு அப்படிகளின் விலையே ஊதியம்.

பிரிவிக் கவுன்சிலின் பாகுபாடு இங்குத்தான் நமக்கு வேண்டும். அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் கிதாபுகளின் மூலங்களுக்குப் பதிப்புரிமை இல்லை. தஃப்ஸீர் ஜலாலைனையோ அல்ஃபிய்யாவையோ எவரும் அச்சிடலாம். ஆனால் பெய்ரூத்திலிருந்தும் கெய்ரோவிலிருந்தும் வரும் இக்காலப் பதிப்புகளில், ஏடுகளை ஒப்பிட்டுப் பாடம் சரிசெய்து அடிக்குறிப்பு எழுதியவரின் தஹ்கீக் உழைப்பு உள்ளது. லெபனான் 1947 முதலும், எகிப்து 1977 முதலும் பெர்ன் உடன்படிக்கையில் உள்ளன. ஆகவே அக்குறிப்புகள் இந்தியாவிலும் காப்புக்குரியவை. பாடத்துக்குரிய பாபை அக்குறிப்புகளோடு மாணவர்க்கு நகலெடுத்துத் தருவதற்கு 52ஆம் பிரிவு துணை நிற்கும். அதே பதிப்பைப் படம்பிடித்து, அட்டையை மாற்றி, அச்சிட்டு விற்போருக்கு அப்பிரிவில் இடமில்லை. இமாம் ஸுயூத்தீ (ரஹ்) அவர்களின் தலைப்பிலும் அத்தகையோர் எப்பக்கம் சேர்வர் என்பது வெளிப்படை. இந்தியாவில் விலைக்குக் கிடைக்காத நூலாயின், வணிக நோக்கமற்ற பொது நூலகத்தின் பொறுப்பாளர் நூலகப் பயனுக்கென மூன்று படிகள் வரை எடுத்து வைத்துக்கொள்ள அதே பிரிவு வேறொரு கூற்றில் இடமளிக்கின்றது. தம்மிடமுள்ள நூலைப் பாதுகாப்புக்கென மின்வடிவில் சேமிக்கவும் 2012 திருத்தம் வழி செய்தது. இவற்றை அறிந்து பயன்கொள்ளும் நூலகங்கள் நம்மிடையே மிகக் குறைவு.

2021 ஜூலையில் நாடாளுமன்ற நிலைக்குழு ஒன்று அறிவுசார் சொத்துரிமை பற்றித் தன் 161ஆம் அறிக்கையை அளித்தது. டெல்லி வழக்கின் விளைவுகளை ஆராய்ந்த அக்குழு, 52ஆம் பிரிவைத் திருத்தலாம் என்றது. அரசுக்குச் சொந்தமான கல்வி நிறுவனங்களில் நூல்களைப் படியெடுக்க இடமளித்து, ஏனையவற்றுக்கு வரையறை விதிக்க வேண்டும் என்பது அப்பரிந்துரையின் போக்கு. 1957இன் சட்டம் 'ஆசிரியர்', 'மாணவர்' என்று மட்டும் சொன்ன இடத்தில், நிறுவனம் யாருடையது என்ற வினாவை இது புதிதாய்க் கொண்டுவருகின்றது. இப்பரிந்துரையின் வழியே திருத்தம் வருமாயின், மாநகரின் அரசுக் கல்லூரியில் அரபு படிக்கும் மாணவர் உரிமையோடு எடுத்துக்கொள்ளும் அதே நான்கு பக்கங்களை, வேலூரிலும் லால்பேட்டையிலும் மக்களின் நன்கொடையால் நடைபெறும் அரபுக் கல்லூரிகளின் மாணவர் அவ்வுரிமையோடு எடுக்க இயலாது.